சேரன்மாதேவிப் பந்தி

தில்லி விடுதியின் ரொட்டியையும் பருப்பையும் பற்றி நாம் ஆயிரம் குறை சொல்லுகிறோம். அருகே அமர்ந்து உண்பவன் என்ன சாதி என்று மட்டும் கேட்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன், என் பாட்டியின் ஊராகிய சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் அந்தக் கேள்வியால்தான் நிலைகுலைந்தது.

1922-இல் அதைத் தொடங்கியவர் வ. வே. சு. ஐயர். குறளை ஆங்கிலத்தில் தந்தவர்; லண்டனில் சட்டம் பயின்றும் அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர். தேசியக் கல்விக்கென்று காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு! பெற்றோருக்கு வாக்களித்துவிட்டதாக ஐயர் சொன்னார். அவ்விருவர் தவிர, இனி வருவோர் எல்லாரும் சேர்ந்துண்ணட்டும் என்றார் காந்தியடிகள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதற்கும் இசையவில்லை.

வாக்குத் தவறாமை பெரிதுதான். ஆயினும் வாக்கு இரண்டு குடும்பங்களுக்கு; பணமோ ஊரார் பணம். என் மனம் நாயுடு பக்கமே சாய்கிறது.

1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து தாமும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். வகுப்புவாரித் தீர்மானமே காரணம் என்றாலும், அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் கசப்பும் அதில் கலந்திருந்தது.