மனோதத்துவம் படித்தேன்!

உங்கள் பெண் பிளஸ்-டூ பாஸ் செய்துவிட்டு, "அம்மா, நான் பி.ஏ.யில் ஸைக்காலஜி எடுத்துக்கொள்ளப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? அப்பா பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பார். பாட்டி ஒரு படி மேலே போய், "பைத்தியங்களோடு பழகினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமாமே!" என்பாள். எதிர்வீட்டு மாமியோ, "அப்படியா சேதி? இப்போது நான் மனசில் என்ன நினைக்கிறேன், சொல் பார்க்கலாம்!" என்று எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த மூன்று காவல்களையும் தாண்டித்தான் நான் பட்டம் வாங்கினேன்.

மாமி என்ன நினைத்தாள் என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் படித்து முடித்த பிறகும் தெரியவில்லை. அடுத்தவர் மனசில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மந்திர வித்தை எந்தக் காலேஜிலும் கற்றுத் தருவதில்லை.

நாங்கள் மட்டும் என்ன, அந்த எண்ணத்தோடுதானே போய்ச் சேர்ந்தோம்! ஹிப்னாடிஸம் சொல்லித் தருவார்கள், கனவுக்குப் பலன் சொல்லித் தருவார்கள், பிராய்டைக் கரைத்துப் புகட்டுவார்கள் என்று ஆவலோடு காத்திருந்தோம். முதல் வாரத்திலேயே புரொபஸர் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் தெரியுமா? கணக்கு! சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு... வகுப்பில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து பி.ஏ.யில் வந்து சேர்ந்தவர்கள். கொல்லைப்புற வழியாகத் தப்பி ஓடிய எங்களை அது வாசலில் வந்து நின்று, "வாருங்கள், வாருங்கள்" என்று வரவேற்றது!

ஆனால் கணக்கு இல்லாமல் இந்த சாஸ்திரம் இல்லை. இரண்டு நாத்தனார்களைப் பார்த்துவிட்டு, "நாத்தனார் என்றாலே இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லும் காரியத்தை நாம் திண்ணையில் உட்கார்ந்தே செய்துவிடுகிறோம். அதற்குக் காலேஜ் எதற்கு? பலரைப் பார்த்து, அளந்து, தற்செயலாக நேர்ந்தது எது, உண்மை எது என்று பிரித்தறிய வேண்டாமா? இதற்காகத்தான் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் 1879-இல் பரிசோதனைச்சாலை அமைத்தார். நம் தேசத்திலும் கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-இலேயே இதற்குத் தனி இலாகா ஏற்பட்டது. மைசூரில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த கோபாலசாமி 1935-இல் தம் வீட்டிலேயே ஒரு ரேடியோ நிலையம் அமைத்தார். அதற்கு என்ன பெயர் தெரியுமோ? ஆகாசவாணி! பிற்பாடு அதுவே தேசத்தின் வானொலிக்குப் பெயராயிற்று.

பரிசோதனை வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஞாபகசக்தியைப் பற்றியது. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தாமே நெட்டுருப் போட்டு, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு வைத்து, 1885-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். கற்றதில் பெரும் பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. மிச்சம் மெல்ல மெல்லத்தான் போகிறது என்று அவர் கண்டார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம்!

இதை வீட்டில் யாரிடமாவது செய்து பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். அகப்பட்டவள் பாட்டிதான். "டப், சோள், கூட், மிள், வாச், பூன்" என்று வாசித்துக் காட்டினேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு, "டப்பாவிலே சோளம், கூடத்திலே மிளகாய், வாசலிலே பூனை. அவ்வளவுதானே?" என்றாள். மறுநாள் கேட்டேன், அட்சரம் பிசகாமல் சொன்னாள். என் பரிசோதனை பாழ்! ஆனால் புரொபஸருக்கு ஒரே சந்தோஷம். அர்த்தமுள்ள கவிதையை மனப்பாடம் செய்ய, அர்த்தமற்ற அசைகளுக்கு ஆகும் பிரயாசையில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று எப்பிங்ஹாஸே சொல்லியிருக்கிறாராம்.

ஞாபகத்தை நம்பிச் சண்டை போடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அம்மையாரும் அவருடைய சகா ஒருவரும் 1974-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். சிலரிடம் "கார்கள் மோதியபோது" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று காதில் விழுந்தவர்கள் வேகத்தை அதிகமாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள்! "அன்றைக்கு நீங்கள் சொன்னீர்களே" என்று ஆரம்பிப்பதற்கும், "அன்றைக்கு நீங்கள் கத்தினீர்களே" என்று ஆரம்பிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்று முதல் என் வீட்டில் எனக்குப் புரிந்தது.

இந்த சாஸ்திரத்தில் எல்லாமே வேதவாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பிரசுரமான நூறு சோதனைகளை மறுபடியும் செய்து பார்த்து, 2015-இல் முடிவைச் சொன்னார்கள். பாதிக்கும் குறைவானவற்றில்தான் பழைய பலன் கிடைத்தது. இதைக் கேட்டுச் சிலர் பரிகசித்தார்கள். எனக்கோ மரியாதை கூடியது. தன் கணக்கைத் தானே திரும்பப் போட்டுப் பார்த்து, தப்பை ஊரறியச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்?

சரி, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்று சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அடுத்த தெரு அம்மாள் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "ஏண்டி அம்மா, நீ மனசைப் பற்றியெல்லாம் படித்தவளாச்சே! என் பெண்ணுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லேன். குழந்தை பிறந்து இரண்டு மாசமாகிறது. எப்போது பார்த்தாலும் அழுகை. எல்லாம் செல்லம் கொடுத்ததனால் வந்த வினை" என்றார்.

போய்ப் பார்த்தேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி தூங்குகிறாயா?" என்று கேட்டேன். குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றாள். சாப்பாடு பிடிக்கவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தேன். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லாமல் போனால் குழந்தை நன்றாக இருக்கும், அக்கா" என்றாள்.

பிரசவமான முதல் பத்துப் பதினைந்து நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதுண்டு. அது தானே சரியாகிவிடும். இது அது அல்ல. இதற்கு வைத்தியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; அந்த வைத்தியத்தைச் செய்ய வேண்டியது நான் அல்ல என்பதும் தெரியும். மருந்து எழுதித் தர மனநல டாக்டர் வேண்டும். 'கிளினிகல் ஸைக்காலஜிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு சிகிச்சை தர, 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் பி.ஏ. மனோதத்துவம் அதற்குப் போதாது; மேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

ஆகவே நான் செய்தது இரண்டே காரியம். அன்று முழுதும் அவளைத் தனியே விடாதபடி ஏற்பாடு செய்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய்தேன். "ஊர் என்ன சொல்லும்?" என்று தாயார் தயங்கினார். "ஜுரம் வந்தால் போக மாட்டீர்களா?" என்றேன். கிளம்பிவிட்டார். குணமாகச் சில மாதங்கள் பிடித்தன. இப்போது குழந்தை ஓடி விளையாடுகிறது. "செருப்பை வாயில் வைக்காதேடா!" என்று அவள் போடும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கிறது!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பெண் இருந்தால், "ஏன் அழுகிறாய்?" என்று அதட்டாதீர்கள். "ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், சர்க்கார் 2022-இல் ஆரம்பித்த டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.