டெக்கன் 3-ஐ எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

நாம்கோ நிறுவனத்தில் டெக்கன் 3 சண்டை விளையாட்டை ஆர்கேட் பெட்டியிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு மாற்றிய நிரலாளர்கள், ஓவியர்கள், ஒலி அமைத்தவர்கள் அனைவருக்கும்,

ஈப்போவை ஒட்டி, சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து எழுதுகிறேன். சாம் போ தோங் குகைக் கோயிலும் ஹியோங் பியா பிஸ்கட்டும் இந்தப் பக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ரப்பர் தோட்டத்து லயத்தை விட்டு இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா மரம் சீவியவர்.

1997-இல் உங்கள் விளையாட்டு ஆர்கேட்டுக்கு வந்தபோது, எங்கள் தாமான் குடியிருப்புப் பையன்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஆடிவிட்டு வந்து கதை கதையாய்ச் சொல்வார்கள். அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம். சிகரெட் புகையும் இருட்டுமாய் இருந்த அந்த இடத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. அனுப்பியிருந்தாலும் எத்தனை நிமிடம் நின்றிருப்போம்? தோற்றவர் விலகிவிட வேண்டும், மறுபடி நிற்க இன்னொரு டோக்கன். கற்றுக்கொள்ளத் தோற்க வேண்டும், தோற்கக் காசு வேண்டும்.

1998-இல் நீங்கள் அந்தக் கணக்கையே மாற்றிவிட்டீர்கள். மாமா வாங்கித் தந்த பிளேஸ்டேஷனில், உங்கள் வீட்டுப் பதிப்பு வட்டில் இருந்த பயிற்சிப் பகுதிதான் எங்கள் பள்ளிக்கூடம். எதிராளி அடி வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பான். விளையாட்டில் வரும் நீனாவின் பத்தடித் தொடரை அக்கா அங்கேதான் பிடித்தாள். ஐந்தாவது அடியில் விரல் பிசகும், மறுபடி முதலிலிருந்து. அம்புக்குறிப் பொத்தான் உரசிக் கட்டைவிரல் கொப்பளித்தால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடுவாள். பிறகு வீட்டுக்கு வந்த பையன்கள் வரிசையாகத் தோற்றுப்போனார்கள். பாட்டி மட்டும் முகமூடி போட்ட கிங்கின் கட்சி. "அந்தப் புலிமுகத்தானைப் போடு" என்பார்.

உங்கள் வேலை எவ்வளவு சிரமமானது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. ஆர்கேட்டில் இருந்த சிஸ்டம் 12 பலகை, பிளேஸ்டேஷனை அடிப்படையாக வைத்துச் செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் செயலி 48 மெகாஹெர்ட்ஸ், வீட்டுப் பெட்டியில் இருந்ததோ சுமார் 34. வீடியோ நினைவகமும் குறைச்சல். எதையாவது இழக்காமல் முடியாது. பின்னணியைச் சுற்றிவரும் ஒரே நீளப் படமாக மாற்றினீர்கள், உருவங்களின் நுணுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தீர்கள். நொடிக்கு 60 சட்டகம் என்பதில் மட்டும் கை வைக்கவில்லை. லயத்தைக் காலி செய்தபோது அலமாரியை விட்டுவிட்டு அம்மிக்கல்லைத் தூக்கிவந்த என் அம்மாவின் முடிவைப் போன்றது அது.

சண்டை விளையாட்டின் உயிர் அந்த 60-இல்தான் இருக்கிறது. எதிரே நிற்கும் ஹ்வாராங் காலைத் தூக்கிவிட்டான். உதை தலைக்கா, முழங்காலுக்கா? குனிவதா, நின்று தடுப்பதா, மேல் அம்புக்குறியை லேசாகத் தட்டிப் பக்கவாட்டில் ஒதுங்குவதா? பார்த்து முடிவெடுக்கக் கண் இமைக்கும் நேரம்தான். அதை நீங்கள் எங்களிடமிருந்து பறிக்கவில்லை. இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றாய் இருந்த நான்கு பொத்தான்களும் பிளேஸ்டேஷனின் நான்கு பொத்தான்களில் அப்படியே பொருந்தின. டவுனில் பழகியவனும் எங்கள் வீட்டுத் தரையில் பழகியவளும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள்.

குறைத்ததற்கு ஈடாக நிறையவே சேர்த்தும் கொடுத்தீர்கள். டெக்கன் ஃபோர்ஸ், டெக்கன் பால் என்ற ஆட்ட வகைகள், கோன் என்கிற அந்தக் குட்டி டைனோசர், எல்லாமே வீட்டுப் பதிப்புக்கென்று வந்தவை.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அன்னாவுக்காக. ஆர்கேட்டில் அவள் தன் அக்கா நீனாவின் மாற்றுத் தோற்றமாக மட்டுமே இருந்தாள். நீங்கள் அவளுக்குத் தேர்வுத் திரையில் தனிக் கட்டமும் தனிக் குரலும் தனி முடிவுக் காட்சியும் கொடுத்தீர்கள். அக்காவின் பழைய பள்ளிச் சீருடையில் வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அன்றிலிருந்து அக்கா நீனாவை எடுத்தால் நான் அன்னாவைத்தான் எடுப்பேன். தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது இப்போதும் அப்படித்தான்.

குனோங் ராபாட்டிலிருந்து ஒரு தங்கை