ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தத் தோட்டம்?

பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது தோட்டத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். “நேரா மேற்க போனீங்கன்னா ஒரு புளியமரம் வருமுங்க. அதத் தாண்டி இட்டேரியில திரும்பினா மூணாவது தோட்டம். பெரியதோட்டத்துக்காரங்க சாளைன்னு கேளுங்க, ஆரு வேணாலும் சொல்லுவாங்க” என்பார்கள்.

பகலில் இதைவிடப் பிரமாதமான விலாசம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு? கேட்க யார் இருக்கிறார்கள்? புளியமரத்தையா கேட்க முடியும்?

ஆனால், ரோந்துப் போலீஸ்காரர் அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே அந்த நேரத்தில்தான்.

சும்மா சொல்லவில்லை. 2024 நவம்பர் கடைசியில், பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் ஒரே ராத்திரியில் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த இன்னொரு வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்க, தென்னைக்கும் மாட்டுக்கும் துணையாக அப்பாவும் அம்மாவும் மட்டும் சாளையில் இருப்பது நம் பக்கம் சகஜம். அந்த வீடுகள் எல்லாம் ஆடிப்போயின.

போலீஸ்காரர் மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 5 ராத்திரி, பக்கத்து உடுமலை வட்டாரத்தில், குடிமங்கலம் அருகே ஒரு தென்னந்தோப்பில் அப்பாவுக்கும் மகன்களுக்கும் தகராறு என்று தகவல். ரோந்தில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்கப் போனார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதனால்தான், ரோந்துப் போலீஸ்காரரின் கையில் இருக்கும் லைட்டும் வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டரும் எனக்கு வெறும் சாமான்களாகத் தெரிவதில்லை.

முதலில் லைட். நம் கிராமங்களில் அதற்குப் பேர் ‘பேட்டரி லைட்’. அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் 1899-ல் காப்புரிமை வாங்கிய குழாய் வடிவ டார்ச்தான் இன்றைய டார்ச்சுக்கெல்லாம் தாத்தா. அதை விற்ற கம்பெனி, விளம்பரத்துக்காகச் சிலவற்றை முதலில் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு! அன்றைய பேட்டரிக்குத் தொடர்ந்து எரியத் தெம்பில்லை. மின்னி மின்னி அணையும். அதனால்தான் ‘ஃப்ளாஷ் லைட்’ என்று பேர். அதற்கு முன்னால் லண்டன் போலீஸ் லென்ஸ் வைத்த எண்ணெய் விளக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு ரோந்து போனது. குளிருக்கு இதமாக இருந்திருக்கும். கூடவே எண்ணெய் நாற்றமும் சூடும் இலவசம்.

ரிட்டயர் ஆன ஏட்டையா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆனைமலை, கோட்டூர் பக்கமெல்லாம் ராத்திரி சைக்கிளில் சுற்றியவர்.

“மூணு கட்டை பேட்டரி லைட்டுதானுங்க தம்பி எங்களுக்கு. மழையில நனைஞ்சா மங்கிடும், ரெண்டு தட்டு தட்டுனா மறுபடி எரியும். அதும் எரியலைன்னா தடியா வச்சுக்கலாம்” என்று சிரித்தார்.

“இப்ப எல்.ஈ.டி. வந்துருச்சே, பகல் மாதிரி இருக்குமே?” என்றேன்.

“வெளிச்சம் சாஸ்திதானுங்க. ஆனா லைட்டைப் புடிக்கத் தெரியோணும். நெஞ்சுக்கு நேரா புடிச்சா, எதிராளிக்கு அடிக்கிற எடத்தை நாமளே காட்டிக் கொடுக்கறோம். கைய நீட்டி, ஒடம்பை விட்டுத் தள்ளிப் புடிக்கோணும்.”

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. முறை என்று இதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். நம் ஏட்டையாவுக்கு இட்டேரி சொல்லிக்கொடுத்தது.

அடுத்தது, ஜீப்பின் தலையில் சுற்றும் சிவப்பு-நீல விளக்கு. 2017 மே 1 முதல் மந்திரிகளும் அதிகாரிகளும் சுழல் விளக்கைக் கழற்ற வேண்டி வந்தது. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. ஆனால், ரோந்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் திருடன் தூரத்திலேயே பார்த்து ஓடிவிட மாட்டானா?

ஏட்டையா சொன்ன பதில்: “திருடனைப் புடிக்கறதுன்னா லைட்டை அணைக்கோணும். திருட்டே நடக்காம இருக்கோணும்னா லைட்டைப் போடோணும்.”

தென்னை மரங்களுக்கு நடுவே அந்த வெளிச்சம் நகர்ந்து போவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அது தூக்க மாத்திரை.

இனி கம்ப்யூட்டர். வெளிநாட்டு ரோந்து கார்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு ஒரு தடித்த லேப்டாப் உட்கார்ந்திருப்பதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பானசோனிக் கம்பெனி 1996-ல் கொண்டுவந்த ‘டஃப்புக்’ அந்த ரகத்தில் பேர் போனது. தூசி புகக் கூடாது, மழையில் நிற்க வேண்டும், விழுந்தாலும் பிழைக்க வேண்டும். இதற்கு அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை ஒன்று இருக்கிறது. சுமார் நாலடி உயரத்திலிருந்து, ஒவ்வொரு மூலையிலும் விளிம்பிலும் பக்கத்திலும் படும்படி, மொத்தம் 26 தடவை கீழே போடுவார்கள். ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கவும் முடியும். ரொம்ப முக்கியமான விஷயம் இது. பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கினால், கண் முழுசாகப் பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். எதிரில் அரிவாள் இருந்தால் அவ்வளவு நேரம் யார் தருவார்கள்?

விலை, சாதாரண லேப்டாப்பைப்போல ரெண்டு மூணு மடங்கு. பி.காம். படித்த புத்திக்கு முதலில் கால்குலேட்டர்தான் ஞாபகம் வரும். ஆனால், சாரலில் நனைந்து வருஷத்துக்கு ஒன்று செத்துப்போனால், மலிவாக வாங்கியதுதான் கடைசியில் அதிகச் செலவு. ஆனி, ஆடியில் ஆழியாறு பக்கம் ஒரு வாரம் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

தமிழ்நாட்டிலும் மாற்றம் வராமல் இல்லை. வீட்டு வாசலிலும் ஏ.டி.எம்.மிலும் தொங்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட காலம் போய், ‘ஸ்மார்ட் காவலர்’ என்று செல்போன் செயலியே வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பட்டா புத்தகமானாலும் செயலியானாலும், போலீஸ்காரர் வந்து போனாரா என்பது மேலதிகாரிக்குத் தெரிவதுதான் அதன் முதல் வேலை. எனக்கு வேண்டியது நேர் எதிர். போகிற இடத்தைப் பற்றிப் போலீஸ்காரருக்குத் தெரிய வேண்டும்!

இது எந்தத் தோட்டம்? உள்ளே எத்தனை பேர்? வயதானவர்களா? நாய் உண்டா? போன மாசம் இதே வீட்டில் தகராறு நடந்ததா? வண்டியை விட்டு இறங்கும் முன்னால் இதைச் சொல்லாத கம்ப்யூட்டர், 26 தடவை விழுந்து எழுந்தாலும் வெறும் எடைதான்.

அதுவும் ஜீப்பில் மட்டும் இருந்தால் போதாது. நம் இட்டேரிகள் பலவற்றில் ஜீப் நுழையாது, பைக்தான். எனவே கையில் பிடிக்கிற சாதனமாக இருக்க வேண்டும். தோப்புக்குள் சிக்னல் போனாலும் மேப் தெரிய வேண்டும்.

சரி, விலாசத்துக்கு எங்கே போவது? அவசரத்துக்குப் போன் பண்ணினால், எடுப்பவருக்கு நம் புளியமரம் தெரியாது. டவர் காட்டும் இடம் கிராமத்தில் ரொம்பத் தள்ளிப் போகலாம்.

ஆனால், ஒரு நம்பர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. எந்த மூலைத் தோட்டமானாலும் மோட்டாருக்கோ வீட்டுக்கோ இ.பி. சர்வீஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பரை, இடத்தின் குறிப்போடும் குடியிருப்பவர் விவரத்தோடும் ரோந்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், ‘பெரியதோட்டத்துச் சாளை’ திரையில் ஒரு புள்ளியாக வந்து நிற்கும். இரண்டு அரசுத் துறைகள் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை இது. பெரிய செலவில்லை.

அவர்கள் பேசி முடிக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாமே. ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்குங்கள். கேட்டுத் தூணில் அந்த நம்பரை ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். அதையே வீட்டுக்குள் போன் பக்கத்திலும் எழுதி, அப்பாவையும் அம்மாவையும் நாலு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி லைட்டோடு தேடி வருகிறவருக்கு, வெளிச்சம் பட்டதும் படிக்க ஏதாவது இருக்க வேண்டும், இல்லையா?