காலதர்

பிரிஞ்சாங் பட்டணத்தைக் கடந்து திரிங்காப்பை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்க, சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவியும் ஆவி பனிமூட்டத்தோடு கலந்து எழும் இடமே கியா பார்ம். தீபகற்ப மலேசியாவில் சாலை வழியாகச் சென்றடையக்கூடிய ஊர்களுள் மிக உயரத்தில் இருப்பது இதுவே என்பர். அருகிலிருந்துதான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலைமுடிக்கும் குறுகிய பாதை பிரிகிறது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைகளைக் கண்டு குறிப்பெழுதினார், 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே தேயிலை பயிரிட முனைந்தார். காட்டை அழித்தவரும் கொழுந்து கிள்ளியவரும் பெரும்பாலும் தமிழர். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் வாங்கிய ஒரு பழைய காரின் கதை இது.

அவர் தேயிலை ஆலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். ஐம்பத்தைந்தாம் அகவையில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, வீட்டின் கூரையைச் செப்பனிட்டது போக எஞ்சியதில் ஒரு பழைய உள்நாட்டுக் காரை வாங்கினார். அக்குடும்பத்திற்கு வாய்த்த முதற்கார் அது. அதன்பின் சந்தையில் ஒரு சிறு கடையும் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் சரக்கெடுக்கவும், மனைவியை ஈப்போவிலுள்ள கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், அதே நகரில் தொழிற்பயிற்சி பயிலும் மகனை விடுமுறைக்கு ஏற்றி வரவும் அக்காரே உதவியது. வாரந்தோறும் அதைக் கழுவித் துடைப்பதைக் கடமையாகவே கொண்டிருந்தார்.

அந்தக் காரில் ஒரே குறை, காற்று வாயில்கள். ஓட்டுநருக்கு முன்னுள்ள டேஷ்போர்டில் நான்கு இடங்களில், சிறு சாளரம் போன்ற சட்டத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் இதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவ்விதழ்களைத் திருப்பினால் காற்று திரும்பும். பக்கத்துச் சக்கரத்தை உருட்டினால் உள்ளிருக்கும் தகடு மூடிக் காற்று நிற்கும். இதனைத் தமிழில் எப்படி வழங்குவது என்று வகுப்பறையில் கேட்டால் மாணவர் விழிப்பர். இதற்கெனப் புதுச்சொல் வார்க்க வேண்டியதில்லை. சன்னலைக் குறிக்கச் சிலப்பதிகாரம் ஆளும் ‘காலதர்’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. மாளிகைச் சாளரத்திற்கு இடப்பட்ட அப்பெயர் டேஷ்போர்டுத் துளைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. பழஞ்சொற்களை மேடையில் புகழ்வதினும் இப்படி வேலைக்கு அமர்த்துவது நன்று.

ஆண்டுகள் ஏற ஏற, வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்கியதில் பிளாஸ்டிக் இதழ்கள் முறுகிப்போயின. வலக்கோடியில் இருந்த காலதரில் மூன்று இதழ்கள் ஒடிந்து உள்ளே விழுந்தன. ஒடிந்தது அழகு மட்டுமன்று. வலக்கோடிக் காலதரின் தலையாய பணி, பக்கக் கண்ணாடியின்மேல் காற்றை வீசுவது. மலையில் இது உயிர்காக்கும் பணி. நால்வர் மூச்சுவிடும் காருக்குள் ஈரம் நிறைகிறது. வெளியே குளிர்ந்த காற்றுப் பட்டுக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. அந்த ஈரம் கண்ணாடியில் படிந்து திரையாகிறது. ஓட்டுநருக்கு வலப்புறக் கண்ணாடியும் அதற்கப்பாலுள்ள பின்நோக்கு ஆடியும் ஒருங்கே மறைந்துவிடும். குளிரூட்டி ஓடினால் காற்றிலுள்ள ஈரம் அதன் குளிர்ந்த குழாய்களில் வடிந்துவிடும். வறண்ட காற்று கண்ணாடியைத் துடைக்கும். ஆனால் வெப்பநாட்டுக்கெனச் செய்த பழைய கார்கள் பலவற்றில் வெப்பமூட்டி கிடையாது. குளிர்ந்த காற்றையே நெடுநேரம் கண்ணாடியில் வீசினால், இம்முறை வெளிப்புறத்தில் ஈரம் படியும். ஆகவே, காற்று எவ்வளவு, எந்தத் திசையில் என்பதைக் கையால் அடிக்கடி மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். இதழொடிந்த காலதரால் அது இயலாது. அவர் ஒரு துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

மகன் இதைப் பலமுறை கண்டிருக்கிறான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, தன் சேமிப்பில் வாங்கிய நான்கு புதிய காலதர்களைப் பெட்டியோடு கொண்டு வந்தான். அவை வெறும் காலதர்கள் அல்ல. ஒவ்வொன்றின் விளிம்பிலும் நீலநிற ஒளிவளையம் இருந்தது. தந்தையின் இன்னலைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமும், தன் கைத்திறனைக் காட்ட வேண்டும் என்ற இளமைத் துடிப்பும் அதில் சரிபாதி கலந்திருந்தன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“எரியுமா இது?” என்று கேட்டார் தந்தை.

“எரியும் அப்பா. இரவில் பாருங்கள்.”

ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிட்டது. துணி சுற்றிய தட்டைத் திருப்புளியால் நெம்பிப் பழையவற்றைக் கழற்றினான்; புதியவை ‘டக்’கென்று பொருந்தின. ஒளிக்கு வேண்டிய மின்சாரத்தை, டேஷ்போர்டு விளக்குகளுக்குச் செல்லும் கம்பியின் தோலை உரித்து, அதன்மேல் புதுக்கம்பியை முறுக்கி, நாடாவைச் சுற்றி எடுத்துக்கொண்டான். இரவில் நான்கு நீல வளையங்களும் ஒளிர்ந்தபோது தாய் சிரித்தாள். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினார்.

ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. ஈப்போவில் தாயின் கண்ணைக் காட்டிவிட்டு, மகனையும் ஏற்றிக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாக மலையேறினார் தந்தை. கம்போங் ராஜாவை எட்டும்போது இருட்டிவிட்டது. பனிமூட்டம் சாலைமேல் படுத்துக் கிடந்தது. ஒரு வளைவில் நீல ஒளி சட்டென அணைந்தது. கூடவே வேகமானியின் விளக்கும் அணைந்தது. முன்விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்ததால் அவர் தொடர்ந்து ஓட்டினார். அடுத்த வளைவில் பின்னால் நெடிய ஊதொலி. தரையைத் தேய்க்கும் சக்கர ஓசை. ஒரு பழைய லேண்ட்ரோவர் மோதும் தறுவாயில் விலகி நின்றது. அதை ஓட்டிவந்த சீன விவசாயி இறங்கி வந்து, சினம் அடங்காத குரலில், “உங்கள் பின்விளக்கு இரண்டும் எரியவில்லை” என்று மலாயில் கூறினார்.

ஒரே உருகி அந்தக் காரின் பின்விளக்குகளையும் டேஷ்போர்டு விளக்குகளையும் காத்து வந்தது. அது உருகிப் போயிருந்தது. மாற்று உருகி இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருகியில் சுற்றி வண்டியை நகர்த்தும் பழைய லாரிக்காரர் வித்தை அவருக்குத் தெரியாததன்று. எனினும் உருகி உருகியதற்கு ஒரு காரணம் இருக்குமே! காரணம் அப்படியே இருக்க, தாளைச் சுற்றினால் உருகிக்குப் பதில் கம்பி எரியும். அவர் அதைச் செய்யவில்லை. எச்சரிக்கைச் சுடர்கள் வேறு உருகியில் இயங்கியமையால் அவற்றைப் போட்டார். விவசாயி சற்றுநேரம் நின்று பார்த்தார். பிறகு, “நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னால் வருகிறேன்” என்றார். கியா பார்ம் வரை அந்த லேண்ட்ரோவர் அவர்களுக்குப் பின்விளக்காக வந்தது. காருக்குள் யாரும் பேசவில்லை. மகன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, தந்தை அவனைத் தோட்டத்து வாகனங்களுக்கு மின்வேலை பார்த்து ஓய்ந்த ஒரு முதியவரிடம் அழைத்துச் சென்றார். வண்டிகளுக்குப் பெயர்போன மலை இது. 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட லேண்ட்ரோவர், துருவேறாத அலுமினிய உடலோடு இம்மலைக்கென்றே பிறந்தது போலாயிற்று. பிற ஊர்களில் பழம்பொருளாகிவிட்ட அவ்வண்டிகள் இங்கே இன்னும் முட்டைக்கோசு சுமக்கின்றன. அவற்றுள் பலவற்றின் காலதர் மிக எளியது. முன்கண்ணாடியின் அடியில் நீண்ட தகட்டு மூடிகள் இரண்டு. நெம்புகோலை அழுத்தினால் அவை திறந்து, பூச்சி புகாதபடி வலை மறைத்த வழியே மலைக்காற்று நேராக மார்பில் அறையும். ஒடிவதற்கு இதழில்லை, எரிவதற்கு விளக்கில்லை. அவற்றைப் பிரித்துப் பூட்டியே முதுமை எய்தியவர் அப்பெரியவர்.

காலதரைக் கழற்றியதும் குற்றம் வெளிப்பட்டது. டேஷ்போர்டின் உள்ளே குறுக்கே செல்லும் இரும்புச் சட்டத்தின் கூர்விளிம்பில் புதுக்கம்பி கிடந்திருக்கிறது. மலைச்சாலையின் அதிர்வில் ஒரு மாதம் உரசியதில் அதன் தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. தடையின்றிப் பாய்ந்த மின்னோட்டத்தில் உருகி தன் கடமையைச் செய்தது.

“தம்பி, உன் விளக்கு எவ்வளவு தின்னும்?” என்றார் பெரியவர்.

அவன் விழித்தான். கணக்குப் போடுமாறு ஒரு துண்டுத்தாளை நீட்டினார். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட்டு. நீல ஒளியுமிழ் விளக்கு அதில் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதம் 11. விளக்குக்கு 0.02 ஆம்பியர் போதும் என்றால், 11-ஐ 0.02-ஆல் வகுக்க 550 ஓம் தடை வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த ஓமின் விதி, ஜெர்மானியர் ஒருவர் 1827-இல் வெளியிட்ட அதே விதி, கியா பார்மில் ஒரு கார் இருக்கையின்மேல் அவனுக்கு முதன்முறையாக விளங்கிற்று. நான்கு விளக்கும் சேர்ந்து பத்தில் ஓர் ஆம்பியரைக்கூட எட்டவில்லை. இவ்வளவு சிறிய பொருள் ஏன் அவ்வளவு பெரிய இருளைக் கொணர்ந்தது? பின்விளக்கின் உருகியையே நம்பி அது தொங்கியதனால்தான்.

வேலை மறுபடி தொடங்கியது. இம்முறை ஒருநாள் முழுதும் சென்றது. முதலில் மின்கலத்தின் எதிர்முனை கழற்றப்பட்டது. முறுக்கிய இணைப்பை வெட்டியெறிந்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றினர்; ஈரக்காற்றில் வெறும் முறுக்கு பச்சை பூத்துவிடும் என்றார் பெரியவர். கிளைக்கம்பி தொடங்கும் இடத்திலேயே அதற்கெனத் தனியாக ஓர் உருகி, அரை ஆம்பியருக்கு, வைக்கப்பட்டது. இனி அங்கே பழுது வந்தால் ஒளிவளையம் மட்டும் அணையும், பின்விளக்கு பிழைக்கும். கம்பிக்கு மேலுறை அணிவித்து, கூர்விளிம்பையும் காலதரின் அசையும் தகட்டையும் திருக்குக் குழலையும் விட்டு விலக்கிக் கட்டினர். எதிர்முனைக் கம்பியைப் பூட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி இரும்பைப் பளிச்சிட வைத்தனர். இடையே பெரியவர் ஒரு பழங்கதையையும் சொன்னார்: மிகப் பழைய லேண்ட்ரோவர்களில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், அவற்றில் இந்த விளக்கை வழக்கம்போல் மாட்டினால் எரியவே எரியாது, ஏனெனில் இது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும்.

நிறத்தில்தான் விவாதம் எழுந்தது. நீலம் அழகு, அதில் ஐயமில்லை. அதன் பின்னே பெரும் உழைப்பும் உண்டு. சிவப்பு ஒளியுமிழ் விளக்கு 1962-லேயே தோன்றிவிட்டது. பொலிவுமிக்க நீலத்திற்கு உலகம் 1990-கள் வரை காத்திருந்தது. அதை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இருளில் பார்க்கும் நம் கண்ணின் உணர்வணுக்கள் நீலப்பச்சைக்கே மிகவும் கூசுகின்றன. இருட்டுக்கு முழுதும் பழக அரைமணி நேரம்போல் எடுத்துக்கொள்ளும் கண், நீலச்சுடர் முகத்தெதிரே நின்றால் அந்தப் பழக்கத்தை இழந்துகொண்டே இருக்கும். முன்கண்ணாடியில் அதன் நிழலும் விழும். செம்மஞ்சள் அவ்வளவு தொல்லை தராது. மலைச்சரிவுகளில் இரவு முழுதும் விளக்கெரியும் செவ்வந்திக் கொட்டகைகளைப் பெரியவர் சுட்டிக்காட்டினார். பகல் குறைந்தால் பூத்துவிடும் செடியைப் பொழுதுக்குமுன் பூக்கவிடாமல் ஏமாற்ற அங்கே விளக்கு எரிகிறது. “செடியே வெளிச்சத்தால் ஏமாறும்போது கண் ஏமாறாதா?” என்றார்.

மகன் தன் கையாலேயே நீல விளக்குகளை எடுத்துவிட்டுச் செம்மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினான். அவை எடுத்துக்கொள்வது 2 வோல்ட்டு, மீதம் 12. வேண்டுமென்றே 1,000 ஓம் தடையை வைத்து ஒளியைத் தணித்தான். யாரும் சொல்லாமலே அந்தக் கணக்கைப் போட்டிருந்தான். பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூலி வேண்டாமென்றார், ஒரு மூட்டைச் சோளம் மட்டும் அவர் வீட்டுக்குச் சென்றது.

விடுமுறை முடிந்து மகனை ஈப்போவுக்குக் கொண்டுவிடும் நாள். மழை பெய்து ஓய்ந்த மாலை. கம்போங் ராஜாவைத் தாண்டியதும், அன்று லேண்ட்ரோவர் நின்ற அதே திருப்பத்தில், தந்தை காரை ஓரங்கட்டினார். விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். மகனும் இறங்கினான். இருவரும் காரின் பின்னால் போய் நின்றார்கள். இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. தந்தை அவற்றை ஒருமுறை கையால் துடைத்தார். பிறகு ஏறி அமர்ந்து, வலக்கோடிக் காலதரின் இதழ்களைக் கண்ணாடிப் பக்கமாகச் சற்றே திருப்பிவிட்டு, வண்டியை எடுத்தார். மடித்த துணி வீட்டிலேயே இருந்தது.