அரை மார்க்

ஆம்பூரில் ஆங்கில வாத்தியாராக இருந்த காலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்திய சொல் ‘கன்டெம்ப்சுவஸ்லி’. அகராதி ‘இகழ்ச்சியாக’ என்று சொல்லும். அதைச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் முழிப்பார்கள். ‘இளக்காரமா’ என்றதும் வகுப்பே தலையாட்டியது. இளக்காரம் பொல்லாத சொல். விட்டுக்கொடுப்பதும் இளக்காரம், மட்டமாகப் பார்ப்பதும் இளக்காரம். இளகினவன் தலையில்தான் ஏறுவார்கள் என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

ஆங்கிலத்தில் இகழ்ச்சி வினைக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழாது. நமக்கு விகுதியே போதும். வேலைக்கு வராத ஆளைப் பற்றி மேஸ்திரி ‘அது வந்துச்சா?’ என்று கேட்டால், அவன் யார், எவ்வளவு பெறுவான் எல்லாம் அதில் வந்துவிடும். (அதே வாய் ‘அக்கா வந்துச்சா?’ என்றால் பாசம். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படி.)

கன்டெம்ப்சுவஸ்லியின் பெயர்ச்சொல்லை எங்கள் பக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தது சுப்ரீம் கோர்ட். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் மூடல், கூடவே கோர்ட் அவமதிப்பு. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு அது பெரிய தொகையா என்பது வேறு பேச்சு. டீக்கடையில்கூட ‘கன்டெம்ட்’ அடிபட்டது.

வினையடையில் ஒரு கண்ணி உண்டு. கன்டெம்ப்சுவஸ்லி என்றால் இகழ்கிறவன் நடந்துகொள்ளும் விதம். கன்டெம்ப்டிப்ளி என்றால் மற்றவர்கள் இகழும்படியான விதம். இரண்டையும் வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னேன்.

ஒரு பையனின் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எத்தனை சோப்புத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் அப்பாவைக் கன்டெம்ப்டிப்ளி பார்த்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அரை மார்க் குறைத்தேன்.

நோட்டோடு வந்து நின்றான். “இன்னா சார் தப்பு?”

“இப்படி எழுதினா, அந்த ஆள் பார்த்த பார்வைதான் கேவலம்னு அர்த்தமாயிடும்டா.”

“அதைத்தான் சார் எழுதிக்கீறேன்.”