அவையேறும் சொல்

பாலாற்றங்கரையில் பிறந்தவன் நான். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழிற்பகுதியே என் மண். இங்குப் பதனிடப்படும் தோல் காலணியாகவும் கைப்பையாகவும் கடல் கடந்து செல்கிறது. கழிவின் சுவடோ எங்கள் நிலத்திலும் கிணற்றிலும் தங்கிவிடுகிறது. இத்தகைய ஊரில் வாழும் நீ, தில்லியில் கூடும் மாநிலங்களவையின் நடவடிக்கைக் குறிப்புகளை ஏன் விடாமல் படிக்கிறாய் என்று நண்பர்கள் வினவுவதுண்டு. தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் உயிர், அந்த அவை ஏற்கும் சொற்களோடும் பிணைந்திருக்கிறது என்பதே என் விடை.

மாநிலங்களவை 1952ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. அதன் இன்றைய இடங்கள் 245. அவற்றுள் தமிழ்நாட்டிற்குரியவை 18. மக்களவையைப் போல இதனைக் கலைக்க இயலாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அவை தொடர்ந்து இயங்கும்.

அதன் ஒருநாள் அலுவல் ஓர் ஒழுங்குடையது. காலை 11 மணிக்கு அவை கூடியதும் அரசின் அறிக்கைகளும் ஆவணங்களும் மேசைமீது வைக்கப்படும். அடுத்துப் பூஜ்ய நேரம். காத்திருக்க இயலாத மக்கள் குறைகளை உறுப்பினர்கள் எடுத்துரைப்பர். ஒருவருக்கு மூன்று நிமிடமே. நண்பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். நட்சத்திரக் குறியிட்ட வினாவிற்கு அமைச்சர் எழுந்து நின்று விடையளிப்பார். ஏனையவற்றிற்கு எழுத்தில் விடை கிடைக்கும். பிற்பகலில் சட்டமுன்வடிவுகள் விவாதிக்கப்படும். வெள்ளிக்கிழமைப் பிற்பகல், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொணரும் தனிநபர் முன்வடிவுகளுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. ஆரவாரமும் ஒத்திவைப்பும் இவ்வொழுங்கைக் குலைக்கும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் வீணாவது அவையின் நேரம் மட்டுமன்று. மூன்று நிமிடத்திற்காகக் காத்திருந்த ஏதோ ஓர் ஊரின் குரலுமாகும்.

அவ்வவையின் நாள்களுள் ஒன்று என் நினைவில் நிலைத்தது. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 7, சனிக்கிழமை. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடைசெய்து, அத்தொழிலில் தள்ளப்பட்டோருக்கு மறுவாழ்வு அளிக்கும் சட்டமுன்வடிவை மாநிலங்களவை அன்று நிறைவேற்றியது. முதல்நாள்தான் மக்களவை அதனை ஏற்றிருந்தது. 1993ஆம் ஆண்டின் பழைய சட்டம் உலர்கழிப்பிடங்களையே பெரிதும் கருதியது. புதிய சட்டமோ பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் தன் எல்லைக்குள் கொணர்ந்தது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரை அவற்றுள் இறக்கினால், முதன்முறைக் குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் எனத் தண்டனை வகுத்தது.

அச்சட்டத்தை மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கிய நான், பொருள்வரையறைப் பகுதியில் நின்றுவிட்டேன். கழிவுநீர்த் தொட்டி என்பது மனித மலத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி என்று அங்கு எழுதப்பட்டிருந்தது. தோல் பதனிடும் ஆலையின் கழிவுத்தொட்டியில் தேங்குவதோ சுண்ணாம்பும் உப்பும் சல்பைடும் கலந்த நீரும் சேறும். அவ்வரையறையின் சொற்களை அப்படியே கொண்டால், அந்தத் தொட்டி இச்சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கிறது.

சாவு அந்த வேறுபாட்டை அறியாது. தோலிலிருந்து மயிரை நீக்கப் பயன்படும் சல்பைடு அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு தோன்றும். அது காற்றினும் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் நாற்றத்தை உணரும் ஆற்றலே மழுங்கிவிடும். மயங்கியவரைத் தூக்க விரைபவரும் அவர் அருகிலேயே சாய்வார். எங்கள் தெருவில் வாழ்ந்த முதிய தோல் தொழிலாளி ஒருவர் இளைஞர்களிடம் சொல்வார்: "உள்ள எறங்குனவன் கொரல் குடுக்கலன்னா நீயும் எறங்காத தம்பி, கயித்தத் தேடு." வேதியியல் பயிலாத அவர், உயிரிழப்புகளிலிருந்து கற்ற பாடம் அது.

இத்தொட்டிகளுக்கும் சட்டம் இல்லாமலில்லை. நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் சான்றோ, அல்லது மூச்சுக்கருவியும் கயிற்றுடன் கூடிய இடைவாருமோ இன்றி எவரையும் இறக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஆயினும் ஒரே வகையான இறப்பு எச்சட்டத்தின்கீழ் வரும், குடும்பத்திற்கு எவ்வழியில் நீதி கிடைக்கும் என்பதை ஒரு வரையறையின் சில சொற்களே முடிவு செய்கின்றன.

2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வாக்கு ஓர் ஊரில், வியர்வை வேறோர் ஊரில். இத்தகையோருக்காகப் பேச வேண்டியவர் யார்? மாநிலங்களவையில் மேற்கு வங்கத்திற்கு 16 இடங்கள், நமக்கு 18. இரு மாநிலங்களின் குரலும் ஒரே கூரையின்கீழ் இணையக்கூடிய இடம் அது. மாநிலங்களின் அவை என்னும் பெயர் அப்பொழுதே முழுப்பொருள் பெறும்.

ஓர் உறுப்பினரால் என்ன செய்துவிட முடியும் எனச் சிலர் ஐயுறலாம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொணர்ந்த தனிநபர் முன்வடிவை மாநிலங்களவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை, ஆயினும் நாடு பேசாதிருந்த ஒன்றை அவை பேசியது. ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலுக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் சட்டம் இயற்றுவீர்கள். பலர் அதன்கீழ் உழைப்பீர்கள். எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் அதன் பொருள்வரையறையை முதலில் படியுங்கள். அச்சொற்கள் யாரை உள்ளே அழைக்கின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்று கேளுங்கள். வெளியே நிற்பவரைக் கண்டால், உங்கள் மாநில உறுப்பினருக்கு ஒரு மடல் எழுதுங்கள். மூன்று நிமிடப் பேச்சுக்கு அந்த மடல் போதும்.