சுருக்குப்பையும் திரிகையும்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், குன்றின்மேல் நிற்கும் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து செல்லும் நெடிய வீதிக்கு 'ராயல் மைல்' என்று பெயர். அவ்வீதியில் நடப்போரின் கண்களைக் கவர்வன கடைகளின் கண்ணாடிப் பேழைகள். கட்டமிட்ட கம்பளித் துணியில், பின்புறம் மடிப்பு மடிப்பாகத் தைக்கப்பெற்ற 'கில்ட்' என்னும் ஆடவர் உடை அங்கே தொங்குகிறது. அதைச் சூழ்ந்து வெள்ளிப் பூணிட்ட தோற்பை, பிடியில் கல் பதித்த சிறு கத்தி, வாள் வடிவான ஊசி, அகன்ற இடைவார் ஆகியன வரிசையாய் மின்னுகின்றன. திருமண நாளுக்கென்று வாங்குவோரும் உண்டு. வாடகைக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு.

இவையெல்லாம் வெறும் அணிகலன்களா? அல்ல. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் அன்றாட வாழ்வுக்கு உதவிய கருவிகள்.

கில்ட்டில் சட்டைப்பை போன்ற பை எதுவும் இல்லை. ஆகவே இடுப்பில் ஒரு பையை முன்புறமாகத் தொங்கவிட்டனர். 'ஸ்பாரன்' என்னும் அதன் பெயருக்கு, மலைநாட்டாரின் கேலிக் மொழியில் பணப்பை என்பதே பொருள். பழைய ஸ்பாரன் தோலால் ஆனது. அதன் வாயைத் தோல்வாரால் சுருக்கி இழுப்பர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எண்ணிக்கொண்டால் போதும். காலுறையின் மேல்விளிம்பில் செருகும் கத்தி 'ஸ்கியன் டூ', அதாவது கருங்கத்தி. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்கவும், கயிறு வெட்டவும் அது உதவியது. ஊசியோ, காற்றில் உடை பறவாதபடி முன்மடிப்புக்குக் கனம் தருவது. அதை மேல்மடிப்பில் மட்டுமே குத்த வேண்டும். இரு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழிந்துவிடும். காலணியில் இன்று அழகுக்காக இடும் துளைகளும், சதுப்பு நிலத்தில் உள்ளே புகுந்த நீர் வடிவதற்காக ஏற்பட்டவையே.

உடையும் அவ்வாறே. தைத்த கில்ட் பிற்காலத்தது. அதற்கு முன்னர் மலைநாட்டார் நீண்ட கம்பளித் துணி ஒன்றைக் கொசுவி, வாரால் இடையில் இறுக்கி, மீதியைத் தோளில் ஊசியால் பொருத்திக்கொண்டனர். பகலில் அது உடை. இரவில் அதுவே போர்வை.

இந்த எளிய உடைக்கு ஒரு சோதனை வந்தது. 1746 ஏப்ரல் 16 அன்று, இன்வெர்னெஸ் நகருக்கு அருகிலுள்ள கலோடன் வெளியில், ஸ்டூவர்ட் இளவரசருக்காகப் போரிட்ட படை தோற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், படைவீரர் அல்லாத ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணிவதைத் தடை செய்தது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். 36 ஆண்டுகளுக்குப் பின், 1782இல்தான் அத்தடை நீங்கிற்று. அதற்குள் ஒரு தலைமுறையே வேறு உடைக்குப் பழகிவிட்டது.

1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட் வரவேற்பு விழாவை வகுத்தார். மன்னரே கில்ட் அணிந்து அவையில் தோன்றினார்! ஒரு காலத்தில் சிறைக்கு வழி காட்டிய உடை, சீமான்களின் பெருமை ஆயிற்று. தோற்பைக்கு வெள்ளிப் பூண் ஏறியது. ஆனால் அக்காலத்தை ஒட்டியே, ஆடு வளர்ப்பதற்காக மலைநாட்டுக் குடியானவர்கள் தம் பள்ளத்தாக்குகளிலிருந்து கூட்டங் கூட்டமாக வெளியேற்றப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. உடைக்கு அரண்மனையில் இடம் கிடைத்தது. உடுத்தியவருக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கலப்பையையும் திரிகையையும் யார் நினைத்தார்கள்?

நினைத்தவர் ஒரு பெண்மணி. இசபெல் பிரான்சிஸ் கிராண்ட் என்னும் வரலாற்றறிஞர், எவரும் பொருட்படுத்தாத வீட்டுப் பொருள்களைத் தேடிச் சேர்த்தார். புனித கொலும்பா 563இல் வந்து துறவு மடம் நிறுவிய அயோனா தீவில், வழிபாடு நின்றுபோன ஓர் ஆலயக் கட்டடத்தில் 1935இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'அம் ஃபாஸ்கா'. புகலிடம் என்பது அதன் பொருள். 1944இல் அது கிங்யூசி என்னும் ஊருக்குச் சென்றது. இன்று இன்வெர்னெஸ் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள நியூட்டன்மோரில், திறந்தவெளி அருங்காட்சியகமாக விரிந்திருக்கிறது.

புல்மண் சுவரும் கூரை வேய்ந்த மேலும் கொண்ட வீடுகளை அங்கே காணலாம். தரை நடுவே அடுப்பு, புகைபோக்கி இல்லை. அவ்வகை வீடுகளில் புழங்கிய பொருள்கள் எளியவை. மேற்கிண்ணத்திலிருந்து சொட்டும் எண்ணெயைக் கீழ்க்கிண்ணம் ஏந்திக்கொள்ளும் இரும்பு விளக்கு. அதற்கு மீனெண்ணெயும் கோரைத் தண்டின் உட்சோற்றுத் திரியும். குதிரை ஏற முடியாத பாறைச் சரிவை, காலால் மிதித்து உழும் வளைந்த கலப்பை. நம் வீடுகளில் இருந்ததைப் போன்றே, இரு வட்டக் கற்களாலான திரிகை. நெய்த துணியை நனைத்து, பலகையைச் சுற்றி அமர்ந்து, பாட்டின் தாளத்துக்கு அடித்து இறுகச் செய்தவர்களும் பெண்களே. கண்ணாடிப் பேழையில் இந்தப் பாடுகள் தெரிவதில்லை.

அந்நாள் மீண்டும் வரவேண்டும் என்று எவரும் வேண்டமாட்டார். புகை கண்ணை எரித்தது; திரிகை பெண்களின் காலைப் பொழுதை விழுங்கியது. ஆயினும் அந்த உழைப்பை மறந்து, வெள்ளிப் பூணை மட்டும் மரபு என்று போற்றுவது நன்றியாகுமா? மின்னும் பொருளைக் காக்க ஆயிரம் பேர் உண்டு. மின்னாத பொருளுக்குத்தான் புகலிடம் வேண்டும்.

அன்பு வாசகர்களே, பரணைத் துப்புரவு செய்யும்போது பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால், அதை எடைக்குப் போடும் முன் பிள்ளைகளை அருகில் அழையுங்கள். அது எதற்குப் பயன்பட்டது, எவர் கைபட்டுத் தேய்ந்தது என்பதைச் சொல்லுங்கள். கருவி போனாலும் அந்தக் கையின் நினைவு வீட்டில் தங்கட்டும்.